பல மரம் கண்டும் ஒரு மரத்தை விடாதவர்: செல்லோக் கலைஞர் யோ-யோ மா பற்றி வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வில் போட்டு வாசிக்கும் கருவிகளைப் பற்றிய ஒரு பதிலில், வயலின் குடும்பத்துப் பெரிய கருவியான செல்லோவில் செவ்வியல் இசை முதல் நாட்டுப்புற இசை வரை எல்லாம் வாசிப்பவர், ‘பட்டுப்பாதை’ குழுவைத் தொடங்கியவர் என்று யோ-யோ மாவை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களிலிருந்தும் ஆரணியிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. மேற்கத்திய செவ்வியல் கலைஞர் ஒருவரைப் பற்றி வட ஆர்க்காட்டு வாசகர்கள் இவ்வளவு கூர்மையாகக் கேட்டிருப்பது, நாற்பது ஆண்டுகளாக இங்கே வயலின் கற்றுக்கொடுத்துவரும் எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. ஆகவே இந்த மாதப் பக்கங்கள் முழுவதும் அவருக்கே.

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்பது நம் பழமொழி. யோ-யோ மா செவ்வியல் இசை, டாங்கோ, திரைப்பட இசை, நாட்டுப்புற இசை என்று எல்லாவற்றையும் வாசிக்கிறார் என்று எழுதினீர்கள். இப்படிப் பலவற்றில் கால் வைப்பவரைப் பெரிய கலைஞர் என்று எப்படிச் சொல்வது?
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வாலாஜாபேட்டை

ஐயா, தாங்கள் எடுத்துக்காட்டிய பழமொழி பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் என்பதை நான் மறுக்கவில்லை. மா விதிவிலக்காக நிற்பதற்குக் காரணம், அவர் பல மரங்களைப் பார்க்கப் புறப்படுவதற்கு முன்பே ஒரு மரத்தின் வைரம் வரை போய்விட்டவர் என்பதுதான்.

அவர் 1955 அக்டோபர் 7 அன்று பாரிஸ் நகரில், சீனப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை இசை ஆசிரியர், தாய் பாடகி. நான்கு வயதில் செல்லோ அவர் கைக்கு வந்தது. தந்தை கற்றுக்கொடுத்த முறையை நம் ஊர் ஆசிரியர்கள் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக் எழுதிய தனிச் செல்லோக் கோவைகளிலிருந்து (கோவை என்பது பல பகுதிகளைக் கோத்த இசைத்தொகுப்பு) நாளொன்றுக்கு இரண்டே ‘பார்’ மட்டும் பாடம்; நம் கணக்கில் இரண்டு சிறிய ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு ஸ்வரம் கூடக் கிடையாது. ஆனால் அந்த இரண்டும் அன்றைக்கே மனப்பாடமாகவும், முந்தைய நாட்களின் பாடத்தோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்பது பிள்ளைக்குத் தெளிவாகவும் இருக்க வேண்டும். முதல் கோவையின் தொடக்கப் பகுதியில் 42 பார்கள் உள்ளன. இந்த முறையில் அதைப் படித்தால் 21 நாட்களில் முழுப்பகுதியும் கைக்கு வந்துவிடும். பிள்ளை ஒரு நாளும் மலைத்துப்போயிருக்காது. சரளி வரிசையை முதல் வாரத்திலேயே மூன்று காலத்திலும் வாசித்துக் காட்டச் சொல்லி மாணவரை வாட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதை நினைத்துத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

ஏழு வயதில் குடும்பம் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அதே 1962ஆம் ஆண்டு நவம்பரில், புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் தொகுத்து வழங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் முன்னிலையில், பியானோவில் தமக்கை துணைநிற்க அவர் வாசித்தார். அடுத்து ஜூலியார்ட் இசைப்பள்ளியில் லெனார்ட் ரோஸ் என்ற பெரிய ஆசிரியரிடம் பல ஆண்டுப் பயிற்சி. இதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கச்சேரி வாழ்க்கை கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்போது அவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வரலாறும் மானிடவியலும் உள்ளிட்ட பாடங்களைக் கற்று, 1976இல் பட்டம் பெற்றார். மற்ற மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள், ஏன் அப்படிப் பாடுகிறார்கள் என்ற கேள்வி அவருக்குள் அங்கே வேர்விட்டது. பல ஆண்டுகள் கழித்து, 1993இல், ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைநிலத்துக்குப் போய் அங்குள்ள மக்களின் இசையைக் கேட்டுக் கற்றுக்கொள்ள உட்கார்ந்ததன் விதை அதுவே. அவருடைய பன்முகத்தன்மை அலைபாய்வதால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வேறொருவரின் இசைக்கு முன்னால் மாணவராக உட்காரும் பழக்கத்தால் வந்தது.

செல்லோ என்பது பெரிய வயலின்தானா? வாசிப்பதில் என்ன வேறுபாடு?
— கல்லூரி மாணவி, குடியாத்தம்

குடும்பம் ஒன்று, சுபாவம் வேறு. வயலினின் உடல் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் நீளம் என்றால், செல்லோவின் உடல் 75 சென்டிமீட்டர். நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி, அடியில் உள்ள உலோக முளையைத் தரையில் ஊன்றிக்கொண்டு வாசிக்க வேண்டும். நான்கு தந்திகள். அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே உள்ள உறவு நம் ச–ப உறவு. மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்குச் சுமார் 65 அதிர்வுகளும், மிக உயர்ந்த தந்தி 220 அதிர்வுகளும் கொண்டவை. வயலினின் மிகத் தாழ்ந்த தந்தியே 196 என்பதால், வயலின் இறங்கி நிற்கும் இடத்தில்தான் செல்லோவின் மேல்தந்தி நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண் அடிவயிற்றிலிருந்து பாடுவதும், அதே தொண்டை மெல்ல ஏறிப் பெண்குரலைத் தொடுவதும் அதில் கேட்கும்.

விரல்களின் கணக்கு இன்னும் சுவையானது. வயலினில் வெறுந்தந்தியை ‘ச’ என்று கொண்டால், கையை நகர்த்தாமலேயே சுண்டுவிரலால் ‘ப’வைத் தொட்டுவிடலாம். செல்லோவில் தந்தி நீளமானது, ஸ்வர இடைவெளிகள் அகலமானவை. கை நகராவிட்டால் ‘ம’வோடு நின்றுவிடும். எனவே செல்லோக்காரரின் இடக்கை ஓயாமல் பயணம் செய்கிறது. மேல்ஸ்தாயிக்குப் போகும்போது, கழுத்தின் பின்னால் இருந்த கட்டைவிரல் மேலே வந்து தந்தியின் மேல் படுத்து, நகரும் மேரு (தந்தி தொடங்கும் மேடு) போல வேலை செய்கிறது. இவ்வளவு இடப்பெயர்ச்சியும் கேட்பவர் காதுக்குத் தெரியாமல் நடக்க வேண்டும். மாவின் வாசிப்பில் நான் திரும்பத் திரும்ப வியப்பது இதைத்தான். கை நெடுந்தூரம் தாவியிருக்கும். ஒலியில் ஒரு மூச்சு கூட அறுந்திருக்காது.

நீங்கள் செல்லோவை ஏற்கெனவே நிறையக் கேட்டிருக்கிறீர்கள். சென்னைத் திரையிசைக் குழுக்களில் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வயலின்கள் ஓடும்போது அடியில் தாங்கி நிற்கும் ஆழ்ந்த குரல் அது. கர்நாடகக் கீர்த்தனைகளை நான்கு வில் கருவிகளுக்கு அமைத்து வாசித்த வி. எஸ். நரசிம்மனின் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டில் வி. ஆர். சேகரின் செல்லோவையும் கேட்டுப் பாருங்கள்.

ஒரே இசைத்தொகுதியை மா மூன்று முறை பதிவு செய்து வெளியிட்டார் என்று வாசித்தேன். ஒரு முறை சரியாகச் செய்தால் போதாதா?
— பள்ளி ஆசிரியை, காட்பாடி

அம்மா, உங்கள் கேள்விக்குத்தான் நீண்ட பதில் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொகுதி பாக் 1720ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதிய ஆறு கோவைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முன்னுரைப் பகுதியும் ஐந்து நடனப் பகுதிகளுமாக ஆறு, மொத்தம் 36. பக்கவாத்தியம் கிடையாது, சுருதிப்பெட்டி கிடையாது, ஒரு செல்லோ மட்டும். பாக்கின் கைப்பட எழுதிய பிரதி நமக்குக் கிடைக்கவில்லை; அவருடைய மனைவி அன்னா மக்டலேனா எடுத்த படியே முதன்மையான ஆதாரம். நெடுங்காலம் இவை பயிற்சிப் பாடங்கள் என்ற அளவிலேயே கிடந்தன. 1890இல் பார்சிலோனாவின் கடை ஒன்றில் பழைய தாள்களுக்கு நடுவே இந்தக் கோவைகளின் பதிப்பைக் கண்டெடுத்த பதின்மூன்று வயதுச் சிறுவன், பின்னாளில் பெரும் செல்லோக் கலைஞரான பாப்லோ கசல்ஸ், பல ஆண்டுகள் தனியே பயின்று, அவற்றை மேடைக்குக் கொண்டுவந்து, 1930களில் முழுமையாகப் பதிவும் செய்தார். ஏட்டுச்சுவடிகளைத் தேடி உ. வே. சா. ஊர் ஊராக அலைந்த காலத்தை ஒட்டியே கடலுக்கு அப்பால் இதுவும் நடந்தது என்று எண்ணும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது. அந்தக் கசல்ஸின் முன்னால் சிறுவயதில் வாசிக்கும் பேறும், பின்னர் அமெரிக்காவின் மார்ல்பரோ இசைவிழாவில், தொண்ணூறைக் கடந்த அவர் நடத்திய குழுவில் வாசிக்கும் பேறும் மாவுக்குக் கிடைத்தன.

மாவின் முதல் பதிவு 1983இல் வந்தது. அப்போது அவர் இருபதுகளின் கடைசியில் இருந்தார். கை எதையும் செய்யும் வயது. ஒலி தெளிந்த நீர்போல ஓடுகிறது, நடனப் பகுதிகள் பாதம் தரையில் படாமல் துள்ளுகின்றன. இரண்டாவது பதிவு 1990களின் பிற்பகுதியில், நாற்பதைத் தொட்டபின். அந்த முறை ஒவ்வொரு கோவையையும் வேறொரு துறைக் கலைஞரோடு சேர்ந்து சிந்தித்தார். ஒரு நடன அமைப்பாளர், ஜப்பானிய மரபு நாடகமான கபூக்கியின் நடிகர் ஒருவர், பனிச்சறுக்கு நடனக் கலைஞர்கள் என்று ஆறு தனித்தனிப் படங்கள் உருவாயின. அவற்றுள் ஒன்றின் பயனாக, கனடாவின் டொராண்டோ நகரில் ஏரிக்கரை ஓரத்தில், முதல் கோவையின் ஆறு பகுதிகளுக்கு ஆறு பகுதிகளாக அமைந்த பூங்கா ஒன்று இன்றும் இருக்கிறது. மூன்றாவது பதிவு 2018இல், 62ஆம் வயதில்.

மூன்றையும் நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். நடுவில் உள்ள பதிவில் எண்ணங்கள் கொஞ்சம் அதிகமாகிவிட்டன என்பது என் கருத்து. சில இடங்களில் வாக்கியத்தின் நடுவே சொல்லுக்குச் சொல் நிறுத்தி விளக்கம் சொல்வது போல இருக்கிறது. மூன்றாவதில் அந்த விளக்கங்கள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. ஐந்தாம் கோவையின் ‘சரபாண்ட்’ என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரு தந்திகளைச் சேர்த்து வாசிக்கும் இடம் ஒன்று கூட இல்லை. ஒற்றை வரியாக, ஒவ்வொரு ஸ்வரமாக, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பது போலப் போகிறது. இளமைப் பதிவில் அதை அழகான சோகமாக வாசித்த மா, 2018 பதிவில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள மௌனத்தையும் வாசிக்கிறார். ஒரே தோடியை முப்பதில் பாடிய வித்வான் அறுபதில் பாடும்போது பிருகாக்கள் குறைந்து கார்வைகள் நீள்வதைக் கேட்டவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு முறை சரியாகச் செய்தால் போதாதா என்று கேட்டீர்கள். 1983இல் செய்ததும் சரிதான். வாசித்தவர் மாறிவிட்டார், அதனால் மறுபடியும் கேட்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது பதிவோடு, உலகின் ஆறு கண்டங்களிலும் 36 இடங்களில் ஆறு கோவைகளையும் ஒரே அமர்வில் வாசிப்பது என்று புறப்பட்டார். இடைவெளியின்றி இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல், துணையின்றி, தாள் பார்க்காமல். அந்தப் பயணத்தில் 2019 ஜனவரியில் மும்பைக்கும் வந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவையும் மெக்சிகோவையும் பிரிக்கும் ரியோ கிராண்டே ஆற்றின் பாலத்தருகே அமர்ந்து முதல் கோவையின் தொடக்கத்தை வாசித்தார்.

பட்டு நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். அவர் தொடங்கிய குழுவுக்குப் ‘பட்டுப்பாதை’ என்று பெயர் என்று எழுதியிருந்தீர்கள். பட்டுக்கும் இசைக்கும் என்ன தொடர்பு?
— நெசவாளர், ஆரணி

பட்டு போன வழியில் இசையும் போனது என்பதுதான் தொடர்பு. சீனாவிலிருந்து நடு ஆசியா, பாரசீகம் வழியாக மத்தியதரைக் கடல் வரை வணிகர்கள் நடந்த பாதைகளில், மூட்டைகளோடு தந்திக் கருவிகளும் கைமாறின. அந்தப் பாதையின் ஊர்களைச் சேர்ந்த கலைஞர்களை மீண்டும் ஓரிடத்தில் உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்ற எண்ணத்தில் 1998இல் மா இந்த முயற்சியைத் தொடங்கினார். மீட்டி வாசிக்கும் சீனத் தந்திக் கருவியான பீப்பாவை வாசிக்கும் வூ மான், வில் போட்டு வாசிக்கும் ஈரானியக் கருவியான கமாஞ்சேயை வாசிக்கும் கெய்ஹான் கல்ஹோர், நம் நாட்டுத் தபலாக் கலைஞர் சந்தீப் தாஸ் முதலியோர் அதில் இணைந்தார்கள். 2017இல் அந்தக் குழுவின் இசைத்தட்டு ஒன்று கிராமி விருதும் பெற்றது.

விருதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது மாவின் இருக்கை. உலகப் புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் மற்ற நாட்டுக் கலைஞர்களை அழைத்தால், வழக்கமாக அவர் நடுவிலும் மற்றவர்கள் அலங்காரமாகச் சுற்றிலும் அமர்வார்கள். இங்கே பல உருப்படிகளில் மா ஓரத்தில் அமர்ந்து அடிநாதம் தாங்கினார். கமாஞ்சே முன்னால் போனது. மங்கோலியரின் குதிரைத்தலைக் கருவியான மோரின் கூரை அவரே கற்றுக்கொண்டு மேடையில் வாசித்தார். அதன் இரண்டு தந்திகளும் மரபாகக் குதிரைமயிரால் ஆனவை. தந்தியைப் பலகையோடு அழுத்தாமல் நகத்தின் ஓரத்தால் தொட வேண்டும். பல பத்தாண்டுச் செல்லோப் பழக்கம் அங்கே உதவாது. விரல் எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

இது எவ்வளவு கடினம் என்பதை என் அனுபவத்தால் அறிவேன். இளவயதில் பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில், விடிய விடிய நடந்த தெருக்கூத்தில், முகவீணைக்காரருக்குப் பக்கத்தில் அமர்ந்து வயலின் வாசித்தேன். ராகம் எனக்குத் தெரிந்த ராகம்தான். ஆனால் கட்டியக்காரன் குரல் உயர்ந்தபோது முகவீணை எங்கே ஏறியது, வேடம் திரையை விட்டு வெளியே வந்தபோது மத்தளம் ஏன் மாறியது என்பது எனக்குப் பிடிபடவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினேன். அந்தக் கேட்டல்தான் எனக்குப் பயன்பட்டது. அடுத்த ஆண்டு அதே மேடையில் இரண்டு பாட்டுக்களுக்கு மட்டும் அளவோடு வாசித்தேன். கூத்துக்காரர் தலையசைத்தார். மாவின் குழு வாசிப்பைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் தலையசைப்பு என் நினைவுக்கு வருகிறது.

விலைமதிப்பற்ற செல்லோவை அவர் டாக்சியில் மறந்து வைத்தது உண்மையா?
— வாசகர், வாணியம்பாடி

உண்மை. 1999 அக்டோபர் 16 அன்று நியூயார்க்கில் டாக்சியின் பின்பெட்டியில் வைத்த கருவியை எடுக்காமல் இறங்கிவிட்டார். வெனிஸ் நகரில் டொமினிகோ மோன்டன்யானா 1733இல் செய்த செல்லோ அது. அன்று பிற்பகலே காவல்துறை அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அன்று மாலைக் கச்சேரியும் நடந்தது. அவரிடம் உள்ள மற்றொரு கருவி 1712இல் புகழ்பெற்ற இத்தாலியக் கருவிச் சிற்பி ஸ்ட்ராடிவாரி செய்தது. அதற்கு முன் ஆங்கிலேயச் செல்லோக் கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேயின் கையில் இருந்தது. அழுத்தி அதட்டினால் பேசாத கருவி, தட்டிக்கொடுத்தால்தான் பாடும் என்ற பொருளில் மா அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்துமஸ் காலத்தில் எங்கள் வார்டுகளில் குழுவாகப் பாடிக்கொண்டு செல்வார்கள்; நோயாளிகளின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். யோ-யோ மா போன்றவர்கள் மருத்துவ இடங்களில் வாசித்ததுண்டா?
— செவிலியர், வேலூர்

உண்டு சகோதரி. 2021 மார்ச் 13 அன்று அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டு என்ற சிறு நகரில், கல்லூரி உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் நடந்த தடுப்பூசி முகாமுக்கு, தம் இரண்டாவது ஊசிக்காக மா சென்றார். ஊசி போட்டபின் கால் மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும் என்பது விதி; உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கால் மணி நேரத்தை, முகக்கவசத்துடன் சுவரோரமாக விலகி அமர்ந்து, முதல் கோவையின் தொடக்கத்தையும் ஷூபர்ட்டின் மரியன்னை கீதத்தையும் வாசித்துக் கழித்தார். அறிவிப்பு இல்லை, மேடை இல்லை. ஊசிக்குக் காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் செல்லோவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஊரடங்கின் தொடக்கத்தில், வீட்டிலிருந்தே சிறு சிறு உருப்படிகளை வாசித்து இணையத்தில் வெளியிட்டு, அவற்றை ஆறுதல் பாடல்கள் என்று அழைத்தார்.

இன்னொன்றையும் நினைவுகூர்கிறேன். நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட முதலாண்டு நினைவுநாளில், 2002 செப்டம்பர் 11 அன்று, இறந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படத் தொடங்கியபோது மாவின் செல்லோ கீழே ஒலித்துக்கொண்டிருந்தது. மேலே நான் எழுதிய அந்தச் சரபாண்டை அவர் அன்று வாசித்தார். ஒப்பாரியின் சொற்கள் தீர்ந்தபின் மூச்சு மட்டும் மிஞ்சுமே, அப்படிப்பட்ட இசை அது.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். வயலின் வகுப்பை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறோம்.
— ஒரு தாய், ஆற்காடு

நிறுத்தும் முடிவை நீங்களாக எடுக்காதீர்கள், அம்மா. எலும்பியல் மருத்துவரிடமும் இயன்முறைச் சிகிச்சையாளரிடமும் மகளை வயலினோடு அழைத்துச் சென்று, அவள் உட்காரும் விதத்தைக் காட்டி, எத்தனை நேரம், எந்த நிலையில் வாசிக்கலாம் என்று கேளுங்கள். வேலூர் அருகில் இருப்பது உங்களுக்கு நல்வாய்ப்பு.

யோ-யோ மாவுக்கும் இதே குறைபாடு இருந்தது. 1980இல், இருபத்தைந்தை ஒட்டிய வயதில், அவர் முதுகுத்தண்டில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் பழையபடி வாசிக்க முடியுமா என்ற ஐயத்தோடுதான் சிகிச்சைக்குச் சென்றார். பல மாதங்கள் உடலை மாவுக்கட்டு தாங்கியிருந்தது. நான் மேலே புகழ்ந்து எழுதிய மூன்று பதிவுகளும் அந்த அறுவைக்குப் பிறகு வந்தவை. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க விட வேண்டும், தரையில் அமர்வது வலித்தால் நாற்காலியில் அமர விட வேண்டும். சம்பிரதாயம் அதனால் குறைந்துவிடாது.

திரைப்படத்துக்கும் பொழுதுபோக்கு இசைக்கும் வாசிப்பது செவ்வியல் கலைஞரின் தரத்தைத் தாழ்த்தாதா? தங்கள் நேர்மையான கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.
— இசை ஆர்வலர், திருப்பத்தூர்

நேர்மையாகவே சொல்கிறேன். அவர் வெளியிட்ட எல்லாமே ஒரே உயரத்தில் இல்லை. பிரபலமான மெட்டுகளை மென்மையாக வாசித்த சில தொகுப்புகளை நான் ஒரு முறைக்கு மேல் கேட்டதில்லை. ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் முதல் செல்லோக் கான்செர்ட்டோ (தனிச் செல்லோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) 1959இல் செல்லோ மேதை ரோஸ்ட்ரோபோவிச்சுக்காகவே எழுதப்பட்டது. மா அதை நன்றாகவே பதிவு செய்திருக்கிறார், ஆயினும் அந்தப் படைப்பின் அச்சத்தையும் கோபத்தையும் கேட்க வேண்டுமென்றால் இன்றும் ரோஸ்ட்ரோபோவிச்சையே எடுப்பேன்.

ஆனால் தாழ்வு என்ற சொல்லை ஏற்க மாட்டேன். 1996இல் அமெரிக்க மலைநாட்டு ஃபிடில் மரபை ஃபிடில் கலைஞர் மார்க் ஓ’கானர், டபுள் பாஸ் கலைஞர் எட்கர் மேயர் இருவரோடும் சேர்ந்து வாசித்தபோது, அவர் தம் கொழுத்த அதிர்வொலியைக் குறைத்து, நேரான மெல்லிய கோடாக்கிக்கொண்டதைக் கேட்கலாம். 1997இல் அர்ஜென்டினாவின் ஆஸ்டர் பியசோலா அமைத்த டாங்கோ நடன இசைக்கு, வில் தந்தியைக் கடிப்பது போல அழுத்தி வாசிக்கிறார். 2000இல் வந்த சீனத் திரைப்படம் ‘கிரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ இசையில், இசையமைப்பாளர் டான் டுன் அமைத்த வரிகளில், வில் போட்டு வாசிக்கும் இரட்டைத் தந்திச் சீனக் கருவியான எர்ஹூவின் சறுக்கல்களைச் செல்லோவில் கொண்டுவருகிறார். எதிர்த்திசையிலும் போனார். 1990களின் கடைசியில் டோன் கோப்மன் நடத்திய பழங்கால இசைக்குழுவோடு வாசிப்பதற்காக, அந்த ஸ்ட்ராடிவாரிக் கருவியின் உலோக முளையைக் கழற்றி, குடல்நரம்புத் தந்திகள் பூட்டி, பழைய பாணி வில்லை எடுத்துக்கொண்டார். முளை இல்லாவிட்டால் கருவியைக் கால்களாலேயே தாங்க வேண்டும். குடல்நரம்போ காற்றின் ஈரம் மாறினாலே சுருதி விலகும். புகழின் உச்சியில், நாற்பதைக் கடந்த வயதில் இப்படித் தொடக்கப் பாடத்துக்குத் திரும்பியவரைப் பார்த்துத் தரம் தாழ்ந்தது என்று எப்படிச் சொல்வது?

நம் வயலினையே நினைத்துப் பாருங்கள், ஐயா. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கையில் எடுத்தபோது அது கோட்டைப் பட்டாளத்தாரின் இசைக்கருவி. அவர் தயங்கியிருந்தால் இன்று நம் மேடையில் பாடகரின் நிழலாக எது அமர்ந்திருக்கும்? செல்லோவும் நம் பக்கம் வரத் தொடங்கிவிட்டது. நெதர்லாந்தில் பிறந்த சஸ்கியா ராவ், தரையில் அமர்ந்து வாசிக்கும்படி சிறிதாக்கி, கூடுதல் தந்தியும் ஒத்திசைவுத் தந்திகளும் சேர்த்து அமைத்த செல்லோவில் இந்துஸ்தானி வாசிக்கிறார்.

இதுவரை மேற்கத்திய இசையே கேட்டதில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?
— பாலிடெக்னிக் மாணவர், இராணிப்பேட்டை

தம்பி, முதலில் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதே. செல்லோவின் தாழ்ந்த தந்தி எழுப்பும் ஆழ்ந்த ஒலி அந்தச் சிறிய துளையில் வராது. பாதி இசை தொலைந்துவிடும். ஒரு சாதாரண இயர்போன் போதும். முதல் கோவையின் தொடக்கப் பகுதி மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் தாளக்கட்டைத் தேடாமல், ஒவ்வொரு சுற்றிலும் மிகத் தாழ்ந்த ஸ்வரம் எது என்று மட்டும் பின்தொடர்ந்து போ; அந்த ஸ்வரங்களே சுருதிப்பெட்டியின் வேலையைச் செய்வது சில நாட்களில் உனக்குக் கேட்கத் தொடங்கும். ஒரு வாரம் அதையே கேட்டபின், ஐந்தாம் கோவையின் சரபாண்டுக்கு வா. அதை இரவில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேள். முதலில் 1983ஆம் ஆண்டுப் பதிவு, பிறகு 2018ஆம் ஆண்டுப் பதிவு. நடுவில் உள்ளதைக் கடைசியாகக் கேட்டுவிட்டு, நான் மேலே அதைப் பற்றிச் சொன்னது சரியா என்று எனக்கு எழுது.